மூன்றாவது வரி: லித்துவேனியப் பயணக் குறிப்புகள்

முதல் நாள், வில்னியஸ்

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் ஒரு தாள் உண்டு. முதல் வரி நோயாளிகளுக்கு. இரண்டாவது வரி தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும். மூன்றாவது வரி 'உபத்திரவப்படும் விசுவாசிகள்', அதாவது விசுவாசத்துக்காக ஒடுக்கப்படுகிறவர்கள். முதல் இரண்டு வரிகளுக்கு எதிரே பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இன்னாருக்கு இன்ன தேதியில் கண் அறுவை, இன்னார் மகனுக்கு நேர்முகத் தேர்வு. மூன்றாவது வரிக்கு எதிரே ஒன்றும் இருக்காது. யாராவது ஒருவர் ஒரு நிமிடம் ஜெபிப்பார். ஆமென் சொல்வோம். நான்காவது வரிக்குப் போய்விடுவோம்.

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஒரு நிமிடம் எனக்கு வந்தது. தடையில்லாமல் ஜெபித்தேன். சொற்கள் தாமாகவே வந்தன, மனம் எங்கேயோ இருந்தது. முடிந்து செருப்பு மாட்டும்போது குழுவை நடத்தும் அக்காவிடம் கேட்டேன்: "நான் இப்போது யாருக்காக ஜெபித்தேன், அக்கா?" அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியவில்லையம்மா. இருபது வருடமாகத் தெரியவில்லை" என்றார்.

அதன் விளைவுதான் இந்தப் பயணம். அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபதை நெருங்குகிறார், முழங்கால் இரண்டும் தகராறு. வட கொரியாவுக்குப் போக முடியாது. எரித்திரியாவுக்குப் போனாலும் சிறைக் கதவைத் தட்டி உள்ளே யார் இருக்கிறீர்கள் என்று கேட்க முடியாது. உபத்திரவம் நடந்து முடிந்த நாட்டுக்குப் போனால், ஜெபிக்கப்பட்டவர்களையே பார்த்து, உங்களுக்கு என்ன தேவைப்பட்டது என்று கேட்கலாமே என்பது அவருடைய யோசனை. லித்துவேனியாவைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். 1940-இல் சோவியத் படை புகுந்தது. இடையில் 1941 முதல் மூன்று ஆண்டுகள் நாஜிகள். பிறகு மீண்டும் சோவியத். 1990 மார்ச் 11-இல்தான் விடுதலைப் பிரகடனம். அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அக்டோபர் மாதக் குளிர். விமான நிலையத்திலிருந்து வந்து பெட்டியை வைத்துவிட்டு நேராக 'விடியல் வாசல்' என்னும் இடத்துக்கு நடந்தோம். பழைய நகரத்தின் மதிலில் மிஞ்சியிருக்கும் ஒரே வாசல். அதன் மேலே ஒரு சிறிய அறை, அறைக்குள் மரியாளின் ஓவியம், சுவர் முழுக்க வெள்ளியால் செய்த காணிக்கைத் தகடுகள். கீழே தெருவில் நின்றபடியே ஓவியத்தைப் பார்க்கலாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தக் கல்பாவிய தெருவில் ஒரு கணம் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். சோவியத் காலத்திலும் இதை மூடவில்லையாம். அக்காவும் நானும் ஓவியத்துக்கு முன்னால் நின்று ஜெபித்துப் பழக்கமில்லாத சபையைச் சேர்ந்தவர்கள். அக்கா கொஞ்சம் தயங்கினார். பிறகு ஓரமாகப் போய், சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள், வில்னியஸ்

கெடிமினாஸ் பெருஞ்சாலையில் ஒரு கம்பீரமான சாம்பல் நிறக் கட்டடம். 1899-இல் நீதிமன்றமாகக் கட்டியது. நாஜிகள் காலத்தில் அவர்களுடைய ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அலுவலகம், அதற்கு முன்னும் பின்னும் சோவியத் ரகசியப் போலீஸ். கேஜிபி என்ற பெயரில் 1991 வரை இங்கேதான் இருந்தார்கள். இப்போது அருங்காட்சியகம். உள்ளே போகும் முன் வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும். அடித்தளக் கற்களில் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வேறெதுவும் இல்லை. இறந்த ஆண்டுகள் பெரும்பாலும் 1945, 1946. அக்கா ஒவ்வொரு கல்லாக, பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். உச்சரிப்பெல்லாம் தவறுதான். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறை நிலவறையில் இருக்கிறது. பச்சை நிறக் கதவுகள், கதவில் உளவுத் துளை. ஒரு சிறு அறையின் தரையில் குளிர்ந்த நீரை நிரப்பிவிடுவார்களாம். நடுவில் ஒரு சின்ன வட்டத் திட்டு. கைதி அதன்மேல் நிற்க வேண்டும். கண் அயர்ந்தால் நீரில் விழுவான். அதற்கு அடுத்து, சத்தம் வெளியே கேட்காதபடி நான்கு சுவரிலும் மெத்தை தைத்த அறை. நான் அந்த அறையில் கை வைக்கவில்லை. அக்கா வைத்தார்.

மரண தண்டனை நிறைவேற்றிய அறைக்குத் தனியாகப் படி இறங்க வேண்டும். 1944 முதல் அறுபதுகளின் தொடக்கம் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இங்கே கொன்றார்கள். தரைக்கு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், கண்ணாடிக்கு அடியில் செருப்பு, மூக்குக் கண்ணாடிச் சட்டம் போன்ற எச்சங்கள். இங்கே சுடப்பட்டவர்களில் ஒருவர் தெல்ஷேய் மறைமாவட்டத்தின் ஆயர் வின்சென்டஸ் போரிசெவிச்சியுஸ். 1946 நவம்பர் 18. அரசுக்கு உளவு சொல்லும்படி கேட்டார்கள், அவர் மறுத்தார்.

மாலையில் அவர் புதைந்திருந்த இடத்துக்கும் போனோம். துஸ்குலேனை என்ற பழைய மாளிகைத் தோட்டம், ஆற்றுக்கு அக்கரையில். அங்கே ரகசியமாகப் புதைத்த 700-க்கும் மேற்பட்ட உடல்களை 1994 முதல் தோண்டி எடுத்து, இப்போது புல்மேடு போன்ற ஒரு வட்டக் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். உள்ளே பேச்சுக்குரல் எழும்பாத அமைதி.

இதையும் எழுத வேண்டும். அங்கே இருக்கும் எலும்புகள் எல்லாம் இரத்தசாட்சிகளுடையவை அல்ல. நாஜிகளோடு சேர்ந்து யூதர்களைக் கொன்றவர்களும் அந்தக் குழிகளில் கிடந்தார்கள். இந்த நாட்டில் இருந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் யூதர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கொல்லப்பட்டார்கள், பல இடங்களில் உள்ளூர்க்காரர்களின் கைகளாலேயே. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போன கைகள். எங்களுக்கு விளக்கம் சொன்ன இளம்பெண் இதை மறைக்கவில்லை. அடைமொழியும் இல்லாமல், குரலும் உயராமல் சொன்னார். அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் அக்கா, "நாம் ஜெபிக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று யார் சொன்னது?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், வில்னியஸ்

காலையிலிருந்து மழை. அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அதிகம் நடக்கவில்லை.

பேராலயத்தை மட்டும் பார்த்தோம். சோவியத் ஆட்சி இதைப் பூட்டி, கூரைமேல் நின்ற மூன்று புனிதர் சிலைகளை 1950-இல் உடைத்துப்போட்டு, பிறகு 1956-இல் ஓவியக் கூடமாக்கியது. திரும்ப அர்ச்சித்தது 1989-இல். சிலைகளைப் புதிதாகச் செய்து ஏற்றியது 1997-இல். கொஞ்சம் தள்ளிப் புனித கசிமீர் ஆலயம். அதை என்ன செய்தார்கள் தெரியுமா? நாத்திக அருங்காட்சியகம். இந்த இரண்டு செய்திகளையும் சொன்னால் எல்லாரும் 'அடப்பாவிகளா' என்பார்கள். எனக்கென்னவோ கட்டடத்துக்கு நேர்ந்தது பெரிதாகப் படவில்லை. கட்டடம் பொறுமையாக இருக்கும், சாவி திரும்பி வரும்வரை. ஒருவனுடைய நாற்பது வருடம் திரும்பி வராது.

அறையில் உட்கார்ந்து ரயில் நேரம் பார்த்தோம். பீட்ரூட் போட்ட ரோஜா நிறக் குளிர்ந்த சூப் ஒன்று வாங்கி வந்தேன். அக்கா ஒரு கரண்டி குடித்துவிட்டு எனக்குத் தள்ளிவிட்டார்.

நான்காம் நாள், கௌனாஸ்

வில்னியஸிலிருந்து கௌனாஸுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். வழி முழுக்க மஞ்சள் பூசிய பிர்ச் மரங்கள். ஆனால் நான் ஜன்னலுக்கு வெளியே அதிகம் பார்க்கவில்லை. 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் நாளாகமம்' என்று தமிழில் சொல்லலாம், அந்த ரகசிய இதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொஞ்சம் அச்செடுத்து வந்திருந்தேன். அதைப் பற்றி விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் இதழில் 1972 மார்ச் 19 என்ற தேதி இருக்கிறது. சிம்னஸ் என்ற சிற்றூரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த சிகிதஸ் தம்கேவிச்சியுஸ் தொடங்கினார். தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து அடித்து, கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பார்கள். ஒரு பிரதி கிடைத்தவர் இன்னும் சில பிரதிகள் அடித்துக் கொடுப்பார். படச்சுருளாக்கி மாஸ்கோ வழியாக வெளிநாட்டுக்குக் கடத்துவார்கள். அங்கிருந்து வத்திக்கான் வானொலி அதையே லித்துவேனிய மொழியில் ஒலிபரப்பும். பக்கத்து ஊர்ச் செய்தியை ரோமாபுரி வழியாகக் கேட்க வேண்டிய நிலை. 1989 வரை 81 இதழ்கள். கேஜிபி எவ்வளவோ பேரைப் பிடித்தும் இதழ் நிற்கவில்லை. தம்கேவிச்சியுஸ் 1983-இல்தான் பிடிபட்டார். அந்தப் பதினொரு வருடமும் அவர் யாருக்கும் தெரியாத ஆசிரியர். 1988-இல் விடுதலையாகி, பிறகு இதே கௌனாஸின் பேராயராகி, 2019-இல் கர்தினால் ஆனார்.

நியோலே சதூனைட்டே என்ற கன்னியாஸ்திரீயை 1974 ஆகஸ்ட் 27 அன்று பிடித்தபோது பதினோராவது இதழ் தட்டச்சுப் பொறியிலேயே இருந்தது. மூன்று வருடம் முகாம், அதற்குப் பிறகு மூன்று வருடம் சைபீரியாவில் நாடுகடத்தல். நீதிமன்றத்தில், என் வாழ்விலேயே மகிழ்ச்சியான நாள் இது என்று சொன்னவர். 2024-இல்தான் காலமானார். இதழைக் கடத்த உதவியவர்களில் செர்கேய் கொவல்யோவ் என்ற ரஷ்ய உயிரியலாளரும் உண்டு. கத்தோலிக்கரும் அல்ல, லித்துவேனியரும் அல்ல. அவருக்கு ஏழு வருடம் முகாமும் மூன்று வருடம் நாடுகடத்தலும் கிடைத்தன.

அந்த இதழில் வீர சாகசம் தேடினால் ஏமாந்துபோவோம். நான் ஏமாந்தேன். இந்தப் பள்ளியில் இன்ன வகுப்பு மாணவியிடம் கேள்வித்தாள் கொடுத்து, கோவிலுக்குப் போகிறாயா, உன்னை யார் போகச் சொல்கிறார்கள் என்று எழுதச் சொன்னார்கள். எழுத மறுத்ததால் நன்னடத்தை மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். இன்ன மருத்துவமனையில் சாகக் கிடந்தவர் குருவானவரைக் கேட்டார், தலைமை மருத்துவர் அனுமதிக்கவில்லை. இன்ன குரு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு வருடச் சிறை. யுவோசஸ் ஸ்டெப்ஸ்கிஸ் என்பவருக்கு 1971-இல் அப்படித்தான் ஆனது. பக்கம் பக்கமாக இப்படியே, ஊர், பெயர், தேதியோடு. சிங்கக் கெபி எங்கேயும் இல்லை. படிவங்களும் சுற்றறிக்கைகளும் அனுமதிச் சீட்டுகளும்தான். ஒடுக்குமுறையின் பெரும்பகுதி காகித வேலை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நாங்கள் மூன்றாவது வரிக்கு ஜெபித்தபோதெல்லாம் சங்கிலியையும் சவுக்கையும்தான் மனதில் வைத்திருந்தோம். மதிப்பெண் குறைந்த சிறுமி எங்கள் கண்ணில் படவே இல்லை.

பல இதழ்களில் ஒரு வேண்டுகோள் வருகிறது. லித்துவேனியனே மறவாதே என்று தொடங்கி, சிறையிலிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, நீ சுதந்திரமாக வாழவும் விசுவசிக்கவும் இவர்கள் விலங்கு சுமக்கிறார்கள் என்று முடியும். சதூனைட்டே, கொவல்யோவ் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கட்டப்பட்டவர்களோடு நீங்களும் கட்டப்பட்டவர்கள்போல அவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்லும் எபிரெயர் 13:3-ஐ அக்கா எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். அச்செடுத்த தாளில் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு, "பார், நம் மூன்றாவது வரியை இவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள்" என்றார்.

கௌனாஸில் கிறிஸ்துவின் உயிர்ப்புப் பேராலயம் ஒரு குன்றின்மேல் நிற்கிறது. வெள்ளை வெளேரென்று, கப்பலைப்போல. முப்பதுகளில் கட்டத் தொடங்கி, முடியும் முன்பே சோவியத் வந்து, அதை வானொலிப் பெட்டித் தொழிற்சாலை ஆக்கிவிட்டார்கள். அர்ச்சித்தது 2004-இல். வானொலியை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. ரோமாபுரியிலிருந்து வந்த ஒலிபரப்பை இங்கே செய்த பெட்டிகளிலேயே யாராவது கேட்டிருக்க மாட்டார்களா என்ன?

உள்ளே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மூதாட்டியைச் சந்தித்தோம். தமிழில் நாங்கள் கிசுகிசுப்பதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்த பேத்தி. எங்கிருந்து வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். உபத்திரவப்பட்டவர்களிடம் என்ன ஜெபிக்க வேண்டும் என்று கேட்க வந்தோம் என்று அக்கா சொன்னதைப் பேத்தி மொழிபெயர்த்தபோது, மூதாட்டி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நான் உபத்திரவப்பட்டவள் அல்ல. நான் பெயர் எழுதியவள்" என்றார்.

எழுபதுகளில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாராம். கிறிஸ்துமஸ் இரவிலும் ஈஸ்டர் காலையிலும் தலைமையாசிரியர் இரண்டு ஆசிரியர்களைக் கோவிலுக்கு எதிரே நிற்க வைப்பார். உள்ளே போகும் மாணவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு ஈஸ்டருக்கு இவர் முறை. விடியாத இருட்டு, பனி. பத்து வயதுப் பையன் ஒருவன் இவரைப் பார்த்துவிட்டான். ஓடவில்லை, முகத்தை மறைக்கவில்லை. குல்லாவைக் கழற்றி, "காலை வணக்கம், டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தாயோடு உள்ளே போனான். இவர் அவன் பெயரை எழுதினார். அன்றைக்கு மொத்தம் பதினேழு பெயர். இன்னும் வரிசையாகச் சொல்ல முடியும் என்று சொல்லி, விரல் மடக்கிச் சொன்னார். பேத்திக்கு இது புதிய செய்தி என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மொழிபெயர்ப்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். பெயர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நானும் ஞானஸ்நானம் பெற்றவள்தான். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் ஜெபித்துக்கொண்டேதான் நின்றேன். சிறையில் இருந்தவர்களுக்காக வெளிநாடுகளில் எத்தனையோ பேர் ஜெபித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுதியவர்களுக்காக யாராவது ஜெபித்தார்களா?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இரவு விடுதியில் விளக்கை அணைத்த பிறகு அக்கா இருட்டில் பேசினார். "முப்பத்தாறு வருடம் வகுப்பெடுத்தேன். என்னைக் கோவில் வாசலில் நிறுத்தியிருந்தால் நானும்தான் எழுதியிருப்பேன். சம்பளம், அப்புறம் பென்ஷன், இரண்டு பிள்ளைகள். எழுதியிருப்பேனம்மா."

ஐந்தாம் நாள், ஷியௌலேய்

காலை பஸ்ஸில் வடக்கே ஷியௌலேய். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் 12 கிலோமீட்டர். தோமந்தை என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று தெரிந்தும் பேச்சு சுவாரசியத்தில் தவறவிட்டோம். ஓட்டுநர் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, வந்த திசையைக் கையால் காட்டினார். தோமந்தையிலிருந்தே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதற்கு மேல் எங்கள் தவறுக்கான தண்டம். அக்கா முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, நின்று நின்று வந்தார். இருபுறமும் வயல். காற்றென்றால் காற்று.

சிலுவைக் குன்று என்கிறார்கள். குன்று என்பது மரியாதைக்குச் சொல்வது, இரண்டு திமில் வைத்த சின்ன மேடுதான். ஆனால் அதன்மேல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிலுவைகள். ஆள் உயரம், மர உயரம், விரல் உயரம். பெரிய சிலுவைகளின் கைகளில் சின்னச் சிலுவைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. காற்று வீசும்போதெல்லாம் மரமும் தகரமும் ஒன்றோடொன்று உரசி ஓயாமல் ஒரு கிலுகிலுப்பு. முதல் பார்வைக்கு, உண்மையைச் சொன்னால், அழகாக இல்லை. பழைய சாமான் குவியல்போல இருந்தது. அரை மணி நேரம் ஆனது என் கண் பழக.

1831-இல் ரஷ்யப் பேரரசனுக்கு எதிரான கிளர்ச்சியில் இறந்து, உடல் கிடைக்காமல் போனவர்களுக்காக உறவினர்கள் இங்கே சிலுவை நட்டதில் தொடங்கியது என்கிறார்கள். சோவியத் காலத்தில், சைபீரியாவிலிருந்து திரும்பியவர்களும் திரும்பாதவர்களின் வீட்டாரும் நட்டார்கள். 1961 ஏப்ரலில் புல்டோசர் வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிலுவைகளை ஒரே அடியில் அழித்தார்கள். மரத்தை எரித்தார்கள், இரும்பைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், கல்லை உடைத்துப் புதைத்தார்கள். இரவோடு இரவாக மறுபடியும் சிலுவைகள் முளைத்தன. எழுபதுகளில் மீண்டும் மீண்டும் இடித்தார்கள். நோய்ப் பரவல் என்று சொல்லிச் சாலையை மூடினார்கள். பக்கத்து ஆற்றுக்கு அணை கட்டி இந்த இடத்தையே மூழ்கடிக்கவும் திட்டம் இருந்தது. 1993 செப்டம்பர் 7 அன்று போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜான் பால்) இங்கே திருப்பலி நிறைவேற்றினார்.

ஒரு மரச் சிலுவையை இரும்புக் கடையில் விற்க முடியாது, எரிக்கத்தான் முடியும். நட்டவன் கைது ஆவான் என்று தெரியும். எரிந்துபோகும் என்றும் தெரியும். தெரிந்தே தச்சனிடம் போய்ச் சொல்லிவைத்து, செய்து வாங்கி, இருட்டில் இந்த வயல் வழியாகத் தோளில் தூக்கி வந்திருக்கிறார்கள். நாங்கள் பகலில், கையில் ஒன்றுமில்லாமல், அதே வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தோம்.

வாகன நிறுத்தத்தில் சிலுவை விற்கிறார்கள். சில யூரோக்கள்தான். நட வேண்டுமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். "நாம் இப்படிச் செய்கிறவர்கள் இல்லையே" என்றார் அக்கா. "வாங்கி எழுதலாம் அக்கா, நடுவதா வேண்டாமா என்று அப்புறம் பார்ப்போம்" என்றேன். மார்க்கர் பேனாவால் ஒரு கையளவுச் சிலுவையில் தமிழில் எழுதினேன். வாங் யீ: செங்டு நகரில் அரசு அனுமதிக்காத சபையின் போதகர், 2018 டிசம்பரில் கைது, 2019 டிசம்பரில் ஒன்பது வருடத் தண்டனை. ஹைலே நைஸ்கி, கிஃப்லு கெப்ரெமெஸ்கெல்: எரித்திரியாவின் போதகர்கள். 2002-இல் அந்த நாட்டு அரசு ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கம், லூத்தரன், இஸ்லாம் தவிர மற்ற வழிபாட்டு அமைப்புகளை மூடியது. இவர்கள் 2004 மே மாதம் பிடிபட்டார்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. அதோடு இடம் தீர்ந்துவிட்டது.

அக்கா இரண்டாவது சிலுவை ஒன்றை வாங்கினார். பேனாவைக் கேட்கவில்லை. வட கொரியாவுக்கு என்ன பெயர் எழுதுவது? பெயர் வெளியே தெரிந்தாலே ஆபத்து என்று இருப்பவர்களுக்கு? அதை வெறுமையாகவே விட்டார். பிறகு அவரே, யாரிடமும் சொல்லாமல், இரண்டையும் ஒரு பழைய இரும்புச் சிலுவையின் காலடியில் ஊன்றினார். ஈர மண். எளிதாக இறங்கியது.

"பிஷப் அம்மாவைக் கேட்காமல் நட்டுவிட்டீர்களே" என்று கிண்டல் செய்தேன். எங்கள் குழுவில் கண்டிப்பான பெண்மணி ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. "அவரிடம் சொல்லாதே" என்றார்.

ஆறாம் நாள், திரும்பும் வழி

வில்னியஸ் ரயிலில் அக்கா மூன்றாவது வரியைத் திருத்தி எழுதினார். ஆசிரியை அல்லவா, கோடு போட்டு, பத்தி பிரித்து, பெயர், ஊர், கைதான தேதி. நான் கைப்பேசியில் தேடித் தேடிச் சொன்னேன். நிகராகுவாவின் ஆயர் ரோலாண்டோ ஆல்வாரெஸ் பெயரைச் சொன்னேன். 2023 பிப்ரவரியில் 26 வருடத் தண்டனை பெற்றவர். எழுதிவிட்டார். அடுத்த வரியைப் படித்த பிறகுதான், 2024 ஜனவரியில் அவரை விடுதலை செய்து ரோமாபுரிக்கு நாடுகடத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. அக்கா அடித்தார், மெதுவாக, ஸ்கேல் வைத்து. பிறகு யோசித்து, 'வீடு திரும்ப' என்று பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

முடித்துவிட்டார் என்று நினைத்தபோது கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தார்: 'கௌனாஸ் டீச்சர்'. அதற்குக் கீழே, 'இப்போது பெயர் எழுதிக்கொண்டிருப்பவர்கள்'. தாளைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஐந்தாறு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். பிஷப் அம்மாவிடமிருந்து மட்டும் எழுத்தில் பதில் வந்தது: "கடைசியில் இருக்கும் டீச்சர் யார்? அவருக்கு உடம்பு சரியில்லையா? அப்படியானால் முதல் வரியில் அல்லவா வர வேண்டும்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல் எல்லாரையும்" என்றார்.